பீட்டில்ஸ் பற்றிய எழுத்துகளைத் தொகுக்கும் முறை

பிரிட்டிஷ் பாப் இசைக்குழு பீட்டில்ஸ் பற்றி எழுதிக் குவித்திருப்பதை ஓர் ஆயுளில் படித்து முடிக்க முடியாது. ஆனால் அதிலிருந்து முப்பது கட்டுரைகளைப் பொறுக்கி, அந்த நால்வரின் பாட்டு உலகத்தை எப்படி அசைத்தது என்று காட்டும் தொகுப்பு ஒன்றைச் செய்யலாம். வாசிப்பு வட்டத்துக்கும் கல்லூரி வகுப்புக்கும் அந்த அளவு போதும்.

இத்தகைய தொகுப்புகள் பெரும்பாலும் வரிசையில்தான் கெடுகின்றன. குழுவின் பாடலாசிரியர்கள் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் 1957 ஜூலை 6 அன்று சந்தித்ததைப் பற்றி நாற்பது வருடம் கழித்து வந்த கட்டுரையை முதலில் வைப்பார்கள். குழுவின் 1970 பிரிவைப் பற்றி அந்தச் சூடு தணியும் முன்பே வந்த பேட்டியைக் கடைசியில் வைப்பார்கள். அப்படிச் செய்தால் கிடைப்பது வாழ்க்கை வரலாறு மட்டுமே. ஊர் உலகம் அவர்களை எப்படிப் பார்த்தது, அந்தப் பார்வை எப்போது மாறியது என்று தெரிய வேண்டுமானால், எழுதப்பட்ட தேதிப்படிதான் அடுக்க வேண்டும்.

முதலில் ஒரு அட்டவணை

ஒரு எக்செல் தாளில் கட்டுரைக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு கட்டங்கள்: நிகழ்ச்சி நடந்த நாள், அதைப் பற்றிச் சொன்ன நாள், அச்சில் வந்த நாள், எழுதியவர், அவர் நேரில் இருந்தாரா, எந்த ஊர்ப் பத்திரிகை, அப்படிச் சொல்வதில் அவருக்கு என்ன அக்கறை.

கடைசிக் கட்டத்தைத்தான் பலரும் காலியாக விடுகிறார்கள். மேலாளர் பிரையன் எப்ஸ்டைனை எடுத்துக்கொள்ளுங்கள். 1961 அக்டோபர் இறுதியில் ஒரு வாடிக்கையாளர் தன் இசைத்தட்டுக் கடைக்கு வந்து இசைத்தட்டு கேட்டபோதுதான் குழுவின் பெயரே தன் காதில் விழுந்தது என்று 1964இல் வந்த சுயசரிதையில் சொல்கிறார். ஆனால் லிவர்பூலின் ‘மெர்ஸி பீட்’ பத்திரிகை அந்த ஜூலையிலிருந்தே அவர் கடையில் விற்றது. அதன் இரண்டாம் இதழின் முதல் பக்கத்திலேயே பீட்டில்ஸ் செய்தி இருந்தது. ஆகஸ்டிலிருந்து எப்ஸ்டைனே அதில் இசைத்தட்டு மதிப்புரை எழுதினார். இரண்டில் ஒன்றை நீக்கிவிடாதீர்கள். சுயசரிதைப் பக்கத்தையும் பத்திரிகைப் பக்கத்தையும் எதிரெதிரே வையுங்கள்.

கட்டாயம் வேண்டிய ஜோடி

1963 டிசம்பர் 27 அன்று லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் வில்லியம் மேன் எழுதிய கட்டுரை, செவ்வியல் இசை விமர்சனத்தின் கலைச்சொற்களைக் கொண்டு இந்தப் பாடல்களை அலசியது. செவ்வியல் இசையமைப்பாளர் மாலரின் பெயர்கூட அதில் வருகிறது. இரண்டு மாதம் கழித்து, 1964 பிப்ரவரி 28 அன்று, ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பால் ஜான்சன் இந்த ரசிகர் கூட்டத்தையும் அதற்குத் தாளம் போடும் பெரியவர்களையும் சேர்த்துச் சாடினார். பாப் பாட்டைப் பெரியவர்கள் பொருட்படுத்தலாமா என்ற சண்டை முழுவதும் இந்த இரண்டு கட்டுரைகளுக்குள் அடக்கம். மேனின் கட்டுரை பெயர் போடாமல், ‘எங்கள் இசை விமர்சகர்’ என்ற அடையாளத்தோடு வந்தது. ஆசிரியர் பெயரைப் போட்டுத் தேடினால் அகப்படாது. தேதியைப் போட்டுத் தேடுங்கள்.

இயேசு விவகாரத்தை முழுசாக எடுங்கள்

ஒரு சம்பவத்துக்கு மட்டும் தாராளமாக இடம் ஒதுக்குவதென்றால் அது இதுதான். பத்திரிகையாளர் மோரீன் கிளீவ் லெனனின் வீட்டுக்குப் போய் எழுதிய நீண்ட அறிமுகம் 1966 மார்ச் 4 அன்று லண்டன் ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் வந்தது. கிறிஸ்தவம் தேய்ந்துவருகிறது, இப்போது நாங்கள் இயேசுவைவிடப் பிரபலம் என்ற பேச்சு கட்டுரையின் நடுவில், லெனன் மதம் பற்றிப் படித்துவந்ததைச் சொல்லும் இடத்தில் வருகிறது. இங்கிலாந்தில் யாரும் கொதிக்கவில்லை. ஜூலைக் கடைசியில் அமெரிக்காவின் ‘டேட்புக்’ என்ற பதின்வயதினர் இதழ் அதை மறுபிரசுரம் செய்து, மேற்கோள்களை அட்டைக்கு ஏற்றியது. அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஒரு வானொலி நிலையம் அவர்கள் பாட்டை நிறுத்தியது. தென் மாநிலங்களில் இசைத்தட்டுகள் எரிந்தன. ஆகஸ்ட் 11 அன்று சிகாகோவில் லெனன் செய்தியாளர்களுக்கு விளக்கம் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் போட்டால் ஒன்றும் விளங்காது. கிளீவின் முழுக் கட்டுரை, டேட்புக் அட்டையின் படம், ஒரு தென் மாநில நாளிதழின் செய்தி, சிகாகோ பேட்டியின் எழுத்து வடிவம் ஆகிய நான்கும் வேண்டும். ஐந்தாவதாக, 2008 நவம்பரில் வாடிகன் நாளிதழ் அந்தப் பேச்சை இளைஞனின் வீறாப்பு என்று பெருந்தன்மையோடு கடந்துபோன கட்டுரையைச் சேர்த்தால் நாற்பத்திரண்டு ஆண்டுகளின் மாற்றம் கண்ணுக்கெதிரே நிற்கும். ஒரு எச்சரிக்கை: டேட்புக் அட்டையில் இருக்கும் மாதம் செப்டம்பர், விற்பனைக்கு வந்ததோ ஜூலையில். மாத இதழ்களுக்கு அட்டைத் தேதியை நம்பி வரிசைப்படுத்தினால் விளைவு முன்னாலும் காரணம் பின்னாலும் போய்விடும்.

விமர்சகர் கேட்டது எந்த ஆல்பம்?

இசை விமர்சனங்களைச் சேர்க்கும்போது, எழுதியவர் எந்த நாட்டுப் பதிப்பைக் கேட்டார் என்று குறித்தே ஆக வேண்டும். 1966இல் வந்த ‘ரிவால்வர்’ பிரிட்டனில் 14 பாடல்கள், அமெரிக்காவில் 11. விடுபட்ட மூன்றும் முதன்மையாக லெனன் எழுதியவை. இந்த ஆல்பத்தில் லெனனின் பங்கு குறைவு என்று அக்கால அமெரிக்கர் ஒருவர் எழுதினால் அது ரசனைக் குறைபாடு அல்ல. அவர் கையில் இருந்த தட்டு அப்படி. 1967இன் ‘சார்ஜென்ட் பெப்பர்’ முதல்தான் இரு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே ஆல்பம். இந்தக் குறிப்பு இல்லாமல் 1964–66 விமர்சனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

பிரிவுக்குப் பிந்தைய எழுத்து

1970 டிசம்பரில் லெனன் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழுக்குக் கொடுத்த நீண்ட பேட்டி 1971 ஜனவரி, பிப்ரவரி இதழ்களில் வந்தது. அந்த வருடம்தான் பழைய வலியைக் கத்தித் தீர்க்கும் உளச் சிகிச்சை எடுத்திருந்தார். கோபம் பச்சையாக இருந்தது. பத்தாண்டுகளாக எழுத்தாளர்கள் அதையே வேதவாக்காக எடுத்தார்கள். 1980இல் ‘பிளேபாய்’ பேட்டியில் அவர் தொனியே வேறு. அந்த டிசம்பரில் அவர் கொல்லப்பட்ட பிறகு வந்த எழுத்துகள் அவர் பக்கமே சாய்ந்தன. மெக்கார்ட்னியின் தரப்பு பாரி மைல்ஸ் எழுதிய 1997 நூலில்தான் விரிவாக வந்தது. ‘இன் மை லைஃப்’ பாட்டின் மெட்டு யாருடையது என்பதில் இருவரும் சொன்னவை இன்றும் ஒத்துப்போகவில்லை. நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், இரண்டையும் தேதியோடு கொடுங்கள்.

1969 ஜனவரி பதிவுகளைப் பற்றிய கட்டுரைகளில் 2021க்கு முன், பின் என ஒரு கோடு போடுங்கள். இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆவணத்தொடர் ஏறத்தாழ 60 மணி நேரப் பழைய படச்சுருளிலிருந்து எட்டு மணி நேரத்தைக் காட்டிய பிறகு, அந்த மாதம் முழுக்கச் சண்டைதான் என்று எழுத முடியாமல் போயிற்று.

விட்டுப்போகும் குரல்கள்

ஆண் விமர்சகர்கள் எழுதியதை மட்டும் எடுத்தால் தொகுப்பு ஒற்றைக்கண்ணாகிவிடும். அரங்குகளை நிரப்பிக் கத்தியவர்கள் பதின்வயதுப் பெண்கள். அந்தக் கூச்சலைப் பெண்களின் கட்டுடைப்பாகப் பார்த்து பார்பரா எரென்ரைக் மற்ற இருவரோடு 1986இல் எழுதியது கட்டாயம் வேண்டும். இரண்டாவது ஆல்பத்தில் மூன்று பாடல்கள் கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்ட டெட்ராயிட்டின் மோட்டவுன் நிறுவனத்திலிருந்து எடுத்தவை. கறுப்பின இசையிடம் பட்ட கடனைப் பேசும் கட்டுரை ஒன்றாவது இருக்கட்டும். 1964 செப்டம்பரில் ஜாக்சன்வில் நிகழ்ச்சிக்கு முன், இனவாரியாகப் பிரித்து உட்காரவைத்தால் பாடமாட்டோம் என்று சொன்னதை அதனோடு வைக்கலாம். அதிபர் மாளிகை விருந்துக்குப் போகாததால் எதிர்ப்பு கிளம்பிய மணிலா 1966, தியானம் கற்கப் போன ரிஷிகேஷ் 1968 இரண்டுக்கும் லண்டன் பத்திரிகைகள் போதாது. அந்த நாட்டு நாளிதழ்களைப் பாருங்கள்.

தேடுவதும் சரிபார்ப்பதும்

வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி தளத்தில் ‘மெலடி மேக்கர்’, ‘பில்போர்டு’ ஆகிய இசைப் பத்திரிகைகளின் பழைய இதழ்கள் இலவசம். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவுக்குச் சந்தா கட்ட வேண்டும். ஸ்கேன் செய்த பக்கங்களில் எழுத்துகள் சிதைந்திருக்கும். அன்றைய நிருபர்களில் சிலர் வண்டைக் குறிக்கும் எழுத்துக்கூட்டிலேயே (Beatles அல்ல, Beetles) பெயரை எழுதினார்கள். அதனால் குழுவின் பெயரைவிட, நிகழ்ச்சி நடந்த ஊரும் மறுநாள் தேதியும் போட்டுத் தேடினால் அதிகம் அகப்படும்.

எல்லோரும் சொல்லும் தகவலை அதன் முதல் அச்சுவரை பின்தொடருங்கள். 1964 பிப்ரவரி 9 அன்று அவர்கள் பாடிய எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியை 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தது பதிவான கணக்கு. அந்த நேரத்தில் அமெரிக்காவில் கார் சக்கர மூடிகூடத் திருட்டுப் போகவில்லை என்பதோ, அவர்களின் ரசிகர்களைக் குத்திக்காட்ட ஒரு வாஷிங்டன் நாளிதழில் வந்த கிண்டல். கைமாறிக் கைமாறிப் புகழுரையாகி, பின்னாளில் குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனே அதைத் திருப்பிச் சொல்லும் அளவுக்குப் போனது.

பதிப்புரிமையை மறக்க வேண்டாம். எழுதியவர் மறைந்து இந்தியாவில் 60, பிரிட்டனில் 70 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அறுபதுகளின் கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாமே உரிமைக்குள்தான். சொந்தப் படிப்புக்கு நகல் வைத்துக்கொள்ளலாம். வெளியிடுவதென்றால் அனுமதி வாங்க வேண்டும், அல்லது சுருக்கமான மேற்கோளும் உங்கள் விளக்கமுமாக எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கு மேலும் 80 சொற்களுக்குள் ஒரு முன்குறிப்பு வையுங்கள்: யார், எப்போது, எதைக் கேட்டுவிட்டு எழுதினார். கட்டுரை நல்லதா கெட்டதா என்ற உங்கள் அபிப்பிராயம் அதில் வேண்டாம். அதற்குத் தொகுப்பின் முன்னுரை இருக்கிறது.