விழுங்கச் சிரமப்படும் பெரியவரை எண்டோஸ்கோபி வரை அழைத்துச் செல்வது எப்படி?

உணவுக்குழாய் நெகிழ்ந்து கொடுக்கும் தன்மை உடையது. அதனால் உள்ளே புற்றுநோய் தோன்றினாலும், பாதை வெகுவாகச் சுருங்கிய பிறகே விழுங்குவதில் தடை தெரியும். இந்தியாவில் பொதுமக்களுக்கான அரசுப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களையே தேடுகிறது என்பதால், உணவுக்குழாயைப் பற்றிய கவனம் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கவனம் எண்டோஸ்கோபியில், அதாவது கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியே செலுத்தி உள்ளே பார்க்கும் பரிசோதனையில் போய் முடிய வேண்டும்.

முதலில் சாப்பாட்டுத் தட்டைக் கவனியுங்கள். இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் குடிப்பது, ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் தேடுவது, சப்பாத்தியையும் கறியையும் "பிடிக்கவில்லை" என்று ஒதுக்குவது போன்ற மாற்றங்களுக்கெல்லாம் பெரியவர்கள் வயதையும் பல்லையும் காரணம் சொல்லிவிடுவார்கள். பணத்தையும் தூரத்தையும் விட இப்படி மறைப்பதே பெரிய தடை என்பது என் கருத்து. புகையிலை, பாக்கு, மது ஆகிய பழக்கங்களோ பல ஆண்டு நெஞ்செரிச்சலோ உள்ளவர் இப்படிச் சாப்பிடத் தொடங்கினால், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போடும் பான்டோபிரசோல் என்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எரிச்சலைத் தணித்து, மருத்துவரிடம் போகும் நாளையும் தள்ளிவைக்கிறது. மருத்துவரிடம் "கேஸ் டிரபிள்" என்று மட்டும் சொன்னால் அதே மாத்திரைதான் கிடைக்கக்கூடும். "கெட்டியான சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது, இத்தனை வாரமாக இருக்கிறது, எடை இவ்வளவு குறைந்திருக்கிறது" என்று சொல்லி, எண்டோஸ்கோபி தேவையா என்று நேராகவே கேளுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், அந்தப் பரிசோதனை எந்தெந்த நாள்களில் நடக்கிறது என்று முன்னரே விசாரித்துக்கொண்டால் கூலி இழப்பு ஒரு நாளாவது குறையும். வழக்கமாக 6 முதல் 8 மணி நேரம் உணவின்றி இருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தொண்டையை மரத்துப்போகச் செய்த பிறகே குழாயைச் செலுத்துவார்கள். குமட்டல் வரலாம், ஆனால் மூச்சு அடைக்காது, பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தேவைப்பட்டால் அயோடின் கரைசலைத் தெளிப்பார்கள்: இயல்பான பரப்பு பழுப்பாக மாற, சந்தேகத்துக்குரிய இடம் நிறம் ஏற்காமல் வெளிறித் தெரியும். அங்கிருந்து சிறு சதைத்துணுக்கு எடுத்தால் நோய் பரவிவிடும் என்று அஞ்சி மறுக்க வேண்டாம். புற்றுநோயா என்பதை உறுதிசெய்ய அந்தத் துணுக்கே தேவை.

அதன் முடிவு வர நாளாகும். அதை வாங்கச் செல்லும் தேதியையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். முடிவில் ஒன்றும் இல்லை என்று வந்தும் உணவு தொடர்ந்து சிக்கினால், அதே அறிக்கையுடன் மீண்டும் மருத்துவரைப் பாருங்கள்.