எஸ்டிஆர் வாங்கியதும் ஹாம் நண்பர்கள் செய்யும் தவறுகள்

தருமபுரி டவுனில் எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகி, மென்பொருள் வழியாக வானொலி அலைகளைக் கேட்கும் சிறு ரிசீவர்) வாங்கியவர்கள் பலரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: 145 மெகாஹெர்ட்ஸில் ஹாம் (பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்ளும் அமெச்சூர்கள்) பேச்சு விழவில்லை, எங்கே திருப்பினாலும் எஃப்எம் பாட்டு கேட்கிறது. டாங்கிளில் கோளாறு இல்லை, கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) உச்சத்தில் இருக்கிறது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் எனும் இந்த மலிவு வகை டாங்கிளில், அலையை எண்களாக்க இருப்பது வெறும் 8 பிட் மாற்றி. பக்கத்திலேயே 102.5-இல் வானொலி நிலையம் முழங்கும்போது, டாங்கிளின் முன்பகுதி திணறி, இல்லாத இடத்திலெல்லாம் அந்த நிலையத்தைக் காட்டும்.

கெயினைச் சுழியத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே உயரத் தொடங்கும் படியில் நிறுத்தி, ஒரு படி இறக்குங்கள். அப்போதும் எஃப்எம் ஊடுருவினால், 88 முதல் 108 வரை தடுக்கும் ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள். விலை உயர்ந்த ரிசீவருக்கு மாறும் முன் செய்யவேண்டியது இதுதான்.

அடுத்தது ஆன்டெனா. கூடவே வரும் குச்சியை ஜன்னல் கம்பியில் ஒட்டிவிட்டு, கான்கிரீட் தளத்துக்குக் கீழே உட்கார்ந்து தேடினால் என்ன கிடைக்கும்? மொட்டைமாடியில் டைபோல் (இரு கைகள் கொண்ட கம்பி ஆன்டெனா) கட்டுங்கள். 145-க்கு ஒரு கை சுமார் 50 சென்டிமீட்டர், 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர். கோடை இடி தொடங்கினால் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

7 மெகாஹெர்ட்ஸ் கேட்க முயலும்போது இன்னொரு குழப்பம் வரும். சாதாரண டாங்கிளின் ட்யூனர் சுமார் 24 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 மாடலில், ட்யூனரைத் தாண்டி சிக்னலை நேராக மாற்றிக்குக் கொடுக்கும் டைரக்ட் சாம்ப்ளிங் அமைப்பை மென்பொருளில் க்யூ கிளைக்கு (Q branch) மாற்றவேண்டும். வி4-இல் தாழ்ந்த அலைவரிசையை ட்யூனர் எட்டும் உயரத்துக்கு மாற்றும் அப்கன்வர்ட்டர் உள்ளேயே இருப்பதால் டைரக்ட் சாம்ப்ளிங்கைத் தொடக்கூடாது, அதற்குரிய டிரைவர் மட்டும் போதும்.

இரைச்சலைக் கண்டதும் மென்பொருளில் மருந்து தேடாதீர்கள். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டி ஓடும் வாட்டர்ஃபால் திரையைப் பாருங்கள். மறையும் கோடுகள் உங்கள் எல்இடி பல்பும் சார்ஜரும் போட்டவை. மறையாதவை வெளியிலிருந்து வருபவை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் யானைக்காகப் போட்ட சோலார் வேலி இருந்தால், ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்று குறுக்குக்கோடு விழும். வேலிக்கம்பியில் செடிகொடி உரசும் இடத்தில் பொறி தெறிப்பதே பெரும்பாலும் காரணம். தோட்டக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். செடியை வெட்டினால் அவர் வேலியிலும் மின்சாரம் வீணாகாது, சந்தோஷமாகவே செய்வார்.

பழைய வீடியோக்களை நம்பி 137 மெகாஹெர்ட்ஸில் நோவா 15, 18, 19 செயற்கைக்கோள் படங்களுக்காகக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவை மூன்றும் 2025-இல் ஓய்வுபெற்றுவிட்டன. ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள்களைத் தேடுங்கள்.

கடைசியாகச் சொல்வது எல்லாவற்றிலும் கனமானது. கேட்பதோடு அனுப்பவும் வல்ல ஹேக்ஆர்எஃப் போன்ற எஸ்டிஆர் கருவி கையில் இருப்பதால் மட்டும் அனுப்பும் பொத்தானைத் தொடாதீர்கள். அமெச்சூர் உரிமமும் வியூ2 அல்லது வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறியும் வேண்டும். உரிமம் இருந்தாலும், லோ பாஸ் ஃபில்டர் (உயர்ந்த அலைவரிசைகளைத் தடுப்பது) இல்லாமல் 145-இல் அனுப்பினால் 290, 435 என்று மடங்குகளிலும் சிக்னல் கிளம்பும். 290 போல ஹாமுக்கு ஒதுக்காத அலைவரிசையில் வேறு யாருடைய தொடர்பையும் அது கெடுக்கலாம். சோதனைக்கு ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோட் (சிக்னலை வெளியே விடாமல் வெப்பமாக விழுங்கும் மின்தடை) மாட்டி, இன்னொரு டாங்கிளில் மடங்குகளைப் பார்த்து உறுதிசெய்த பிறகே ஆன்டெனாவை இணையுங்கள்.