'அட் லீஸ்ட்' எங்கே நிற்க வேண்டும்? 'ஆவது' காட்டும் வழி

'அட்லீஸ்ட் ஒரு ஃபோனாவது பண்ணியிருக்கலாமே' என்று தமிழ்ப் பேச்சிலேயே தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதே தொடரை ஓர் ஆங்கில வாக்கியத்துக்குள் எழுத வேண்டி வந்தால், அதை எந்த இடத்தில் வைப்பது என்பதில் பலருக்கும் குழப்பம் வருகிறது. மேலே உள்ள வாக்கியத்தில் ஒரே பொருள் இருமுறை வந்திருப்பதைக் கவனியுங்கள்: 'அட்லீஸ்ட்' செய்யும் வேலையை 'ஃபோனாவது' என்பதில் உள்ள 'ஆவது' ஏற்கெனவே செய்துவிட்டது. அந்த 'ஆவது'தான் நமக்குத் துணை.

படி 1: பொருளையும் எழுத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள்

லிட்டில், லெஸ், லீஸ்ட் என்னும் வரிசையில் கடைசிச் சொல் 'மிகக் குறைவான' என்று பொருள்படும். ஆகவே 'அட் லீஸ்ட்' என்றால் 'குறைந்தபட்சம்'. ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிச் சொற்கள். சேர்த்து எழுதுவது பிழை. ஒலி நெருக்கத்தால் 'அட் லாஸ்ட்' என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. அதற்கு 'ஒருவழியாக' என்று பொருள்.

படி 2: எண்ணோடு சேர்த்துப் பழகுங்கள்

'வி நீட் அட் லீஸ்ட் டென் சேர்ஸ்' என்றால் பத்து நாற்காலிகளாவது வேண்டும். பத்து இருந்தாலும் சரி, பதினொன்று இருந்தாலும் சரி, ஒன்பது போதாது. 'அட் லீஸ்ட் மோர் தேன் டென்' என்று எழுதுவோர் உண்டு. 'மோர் தேன் டென்' என்பது பத்தை விலக்கிவிடுகிறது, 'அட் லீஸ்ட் டென்' என்பதோ பத்தைச் சேர்த்துக்கொள்கிறது. இரண்டையும் ஒட்டவைத்தால் படிப்பவருக்கு எல்லை எது என்றே தெரியாது. சட்ட நடையில் இதே கருத்துக்கு வேறு தொடர் வரும். இந்திய அரசமைப்பின் 326ஆவது பிரிவு வாக்காளரின் வயதை 'நாட் லெஸ் தேன் எய்ட்டீன் இயர்ஸ்' என்று குறிக்கிறது. அன்றாட ஆங்கிலத்தில் அதையே 'அட் லீஸ்ட் எய்ட்டீன்' என்போம். ('326ஆவது' என்பதில் வரும் 'ஆவது' வரிசையைக் காட்டுவது, நாம் இங்கே பேசும் 'ஆவது' வேறு.)

படி 3: 'ஆவது' எந்தச் சொல்லில் ஒட்டுகிறதோ, அதற்கு முன்னால் வையுங்கள்

இந்தப் பாடத்தில் மிகவும் முக்கியமான படி இதுதான். தமிழில் 'ஆவது' சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் 'அட் லீஸ்ட்' பெரும்பாலும் அந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்கும். எனவே முதலில் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து, 'ஆவது' எங்கே விழுகிறது என்று கண்டுகொள்ளுங்கள்.

ரவியாவது அழைத்தான்: 'அட் லீஸ்ட் ரவி கால்டு.' மற்றவர்கள் அழைக்கவில்லை என்பது இதன் உள்ளுறை.

ரவி அழைக்கவாவது செய்தான்: 'ரவி அட் லீஸ்ட் கால்டு.' அவன் நேரில் வரவில்லை, ஆனால் அழைத்தான்.

ரவி இரண்டு முறையாவது அழைத்திருப்பான்: 'ரவி மஸ்ட் ஹாவ் கால்டு அட் லீஸ்ட் ட்வைஸ்.'

பேச்சில் குரலின் அழுத்தம் பொருளைக் காட்டிவிடும் என்பதால் இடம் சற்று மாறினாலும் கேட்பவர் புரிந்துகொள்வார். எழுத்தில் அந்த உதவி கிடையாது. ஆகவே மின்னஞ்சல் எழுதும்போது இந்த மூன்றையும் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

படி 4: ஆறுதல் சொல்லும் இடம்

'தி ரூம் இஸ் ஸ்மால், பட் அட் லீஸ்ட் இட் இஸ் க்ளீன்.' அறை சிறியதுதான், சுத்தமாகவாவது இருக்கிறது. குறையை ஒப்புக்கொண்டு, அதனுள் ஒரு நிறையைக் காட்டும் பயன்பாடு இது. நம்முடைய குறையைப் பற்றி நாமே பேசும்போது இது அழகாகப் பொருந்தும். துக்கத்தில் இருப்பவருக்கு எழுதும்போது தயவுசெய்து இதைத் தவிருங்கள். நல்லெண்ணத்தோடு எழுதினாலும், அவருடைய இழப்பை அளந்து சிறிதாக்குவதுபோல் அது ஒலிக்கும்.

படி 5: சொன்னதைத் திருத்திக்கொள்ளும் இடம்

'ஹி லிவ்ஸ் இன் மதுரை. அட் லீஸ்ட், ஹி டிட் லாஸ்ட் இயர்.' இங்கே 'ஆவது' உதவாது. 'அவர் மதுரையில் இருக்கிறார்' என்று முன்பு உறுதியாகச் சொன்னதை, 'போன வருடம் அங்கேதான் இருந்தார்' என்று சற்றுத் தளர்த்துகிறோம். தொடருக்குப் பின் காற்புள்ளி இடுவது வழக்கம்.

படி 6: 'ஆவது' வந்தும் 'அட் லீஸ்ட்' வராத இடங்கள்

'டீயாவது காபியாவது கொடுங்கள்' என்பதில் உள்ளது தேர்வு. ஆங்கிலத்தில் அதற்கு 'ஐதர் டீ ஆர் காபி'. பல நாள் காத்திருந்து 'இன்றாவது மழை பெய்யுமா?' என்று கேட்கும்போதும் நாம் குறைந்தபட்சத்தைப் பேசவில்லை, நீண்ட எதிர்பார்ப்பைப் பேசுகிறோம். அங்கே 'வில் இட் ஃபைனலி ரெய்ன் டுடே?' என்பதே இயல்பான ஆங்கிலம்.