தோற்கும் அணியும் செம்பு நிறப் பியரும்: கிளீவ்லாந்தின் இலையுதிர் காலத்துக்குப் புதியவர்களுக்கான செய்முறை

கிளீவ்லாந்து என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1978 முதல் அங்கே நடந்துவரும் தியாகராஜ ஆராதனைதான். வசந்த காலத்தில் கீர்த்தனைகள் கேட்கும் அந்த ஊருக்கு, செப்டம்பரிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை வேறொரு வழிபாடு உண்டு. ஈரி ஏரியிலிருந்து வீசும் குளிர்காற்றில் ஆரஞ்சும் பழுப்புமாக உடுத்திக்கொண்டு, பிரவுன்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணி தோற்பதை ஞாயிறுதோறும் பார்ப்பதுதான் அது. அதே மாதங்களில்தான் இலையுதிர் காலத்துக்கே உரிய பியர்களும் கடைக்கு வருகின்றன. இரண்டையும் எந்த வரிசையில் பழகினால் ஏமாற்றம் குறையும் என்பதை, தவறான வரிசையில் பழகிய ஒருவனாக இங்கே எழுதுகிறேன். கிளீவ்லாந்து இருக்கும் ஒஹாயோ மாநிலத்தில் பியர் வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடிக்கும் வழக்கம் இல்லாதவர்கள் பியர் பற்றிய படிகளைத் தாண்டிச் செல்லலாம். தலைசுற்ற வைக்க இந்த அணி ஒன்றே போதும்.

படி 1: அணியின் ஜாதகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த அணி கடைசியாகக் கோப்பை வென்றது 1964இல். சூப்பர் பௌல் இறுதிப் போட்டிக்கு இன்றுவரை ஒருமுறைகூடப் போனதில்லை. 1995இல் உரிமையாளர் ஆர்ட் மோடெல் அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார்; பெயரும் நிறங்களும் பழைய வரலாறும் ஊரிலேயே தங்கின, ஆட்டக்காரர்கள் மட்டும் போனார்கள். மூன்று ஆண்டுகள் அணியே இல்லாமல் இருந்த ஊருக்கு 1999இல் புதிய பிரவுன்ஸ் கிடைத்தது. பால்டிமோருக்குப் போன அணியோ ரேவன்ஸ் என்ற பெயரில் 2001 ஜனவரியிலேயே சூப்பர் பௌலை வென்றுவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மட்டும் செல்வம் கொழிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனின் நிலை என்று இதை நினைத்துக்கொள்ளலாம்.

2016இல் 16 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. 2017இல் அதுவும் இல்லை. அந்தப் பருவம் முடிந்ததும், 2018 ஜனவரி 6 அன்று, உறையவைக்கும் குளிரில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மைதானத்தைச் சுற்றிப் பூஜ்ய வடிவில் ஊர்வலம் போனார்கள். கோபத்தையும் பாசத்தையும் ஒரே கேலியில் சொல்லத் தெரிந்த கூட்டம் அது. இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே ஆட்டத்துக்கு வந்தால், பக்கத்து இருக்கைக்காரர் எதற்குச் சிரிக்கிறார், எதற்குத் தலையில் கை வைக்கிறார் என்பது உங்களுக்குப் பிடிபடாது.

படி 2: மூன்று வகைப் பியர்களைப் பிரித்தறியுங்கள்

முதலாவது மெர்ட்சன். ஜெர்மன் மொழியில் மார்ச் மாதத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். 1553இல் பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சக் கூடாது என்று ஆணை வந்தது. வெயில் காலத்தில் காய்ச்சினால் வேண்டாத கிருமிகள் புகுந்து பியர் கெட்டுப்போனதே முக்கியக் காரணம். அதனால் மார்ச் மாதத்தில் சற்று வலுவாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் கோடை முழுவதும் கிடத்தி வைத்தார்கள். புது பியர் காய்ச்சும் காலம் வந்ததும் பீப்பாய்களைக் காலி செய்ய வேண்டியிருந்தது. எஞ்சியதைக் குடித்துத் தீர்க்கும் பருவம் இலையுதிர் காலமாயிற்று. 1810இல் ஓர் அரச திருமணத்தை ஒட்டித் தொடங்கிய மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட்டில் பிற்பாடு இந்தச் செம்பு நிறப் பியர் இடம்பிடித்தது. இன்று மியூனிக் கூடாரங்களில் பொன்னிறமான, மெல்லிய பியரையே ஊற்றுகிறார்கள். பழைய செம்பு நிறத்தை விடாமல் பிடித்திருப்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள்தாம். கிளீவ்லாந்தில் 1988இல் தொடங்கிய கிரேட் லேக்ஸ் ஆலையின் அக்டோபர்ஃபெஸ்ட், 6.5 சதவீத ஆல்கஹாலுடன், இந்த வகையைப் பழக நல்ல தொடக்கம். நீங்கள் ஒன்றே ஒன்றுதான் வாங்குவதாக இருந்தால் இதையே வாங்குங்கள்.

இரண்டாவது பூசணிப் பியர். மஞ்சள் பூசணிக்குத் தனக்கென்று பெரிய மணம் கிடையாது என்பது சாம்பார் வைத்த எவருக்கும் தெரியும். இந்தப் பியரில் மூக்கைத் துளைப்பது பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி ஆகியவைதாம். நம் சமையலறை வாசனைதானே என்று ஆசையாக வாங்கி, பாதி கிளாஸோடு வைத்துவிட்டவன் நான். ஒரே ஒரு கேன் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் பச்சையாகப் போட்ட பியர். வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் ஹாப்ஸ் பூக்களை அறுவடை செய்கிறார்கள். வழக்கமாக உலர்த்திச் சேமிக்கும் பூக்களை, இதற்கு மட்டும் பறித்த ஒரு நாளுக்குள் பச்சையாகவே கொப்பரையில் போடுகிறார்கள். வெட்டிய புல்லின் வாசனை வரும். அது சில வாரங்களில் மங்கிவிடும் என்பதால், வாங்கியவற்றில் இதையே முதலில் குடியுங்கள். மெர்ட்சன் இரண்டொரு மாதம் ஃபிரிட்ஜில் காத்திருக்கும்.

படி 3: ஊற்றும் முறை

கேனிலிருந்தோ பாட்டிலிலிருந்தோ நேரடியாகக் குடிக்காதீர்கள். மெர்ட்சனின் சுவையில் பாதி அதன் மணத்தில்தான் இருக்கிறது. ஆட்டம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, உட்சுவரில் வழியுமாறு முக்கால் பங்கை ஊற்றிய பின், நிமிர்த்தி மீதியை நடுவில் விட்டால் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்கும். பால் கலக்காத தேநீரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது போன்ற நிறம் தெரியும். மூக்கருகே கொண்டுபோனால், நம் ஊர் பேக்கரியில் ரஸ்க் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வரும் நேரத்து மணம் எழும். அது தற்செயலான ஒற்றுமை இல்லை. இந்தப் பியருக்கான மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, சற்று கூடுதல் சூட்டில் உலர்த்துவதால், ரொட்டியின் மேல்தோல் சிவக்கும்போது நிகழும் அதே மாற்றம் தானியத்திலும் நிகழ்கிறது. இதனால்தான் பொன்னிறமாக வறுபட்ட எதுவும் இதற்குப் பொருந்துகிறது. இங்கே கடுகு விழுது தடவிய பிராட்வர்ஸ்ட் என்னும் ஜெர்மன் சாசேஜ் சாப்பிடுவார்கள்; வீட்டில் பார்க்கும் நாளில் எனக்கு வெங்காயப் பக்கோடா.

படி 4: விதிகளில் இப்போதைக்குத் தேவையானவை

பந்தை வைத்திருக்கும் அணிக்குப் பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. முன்னேறிவிட்டால் புதிதாக நான்கு கிடைக்கும். எதிரணிப் பக்கத்துக் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்த்தால் டச்டவுன், ஆறு புள்ளிகள். கம்பங்களுக்கு இடையே உதைத்தால் மூன்று. கடிகாரப்படி 60 நிமிட ஆட்டம், உண்மையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். மற்றவை தானாக வரும்.

படி 5: புள்ளிப் பலகையைப் பார்க்காமல் பாருங்கள்

தோற்கும் அணியைப் பின்தொடர்வதில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, வெற்றி தோல்வியை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பது. 17 ஆட்டங்களில் மூன்றில் வெல்லும் அணியை அப்படிப் பார்த்தால் 14 ஞாயிறுகள் பாழ். அதற்குப் பதிலாக ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து, பந்து எங்கே போனாலும் அவரையே பாருங்கள். 2017இல் அணி முதல் தேர்வாக எடுத்த மைல்ஸ் கேரட் எதிரணியின் தடுப்பாளரை எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார், அவரை அடக்க எத்தனை பேரை ஒதுக்குகிறார்கள் என்று கவனித்தால், அணி இருபது புள்ளி பின்தங்கியிருக்கும்போதும் ஆட்டத்தில் உயிர் இருப்பது தெரியும். 2023இல் லீகின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது.

பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 1999 முதல் 2018 வரை முப்பது பேர் அந்த இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய சட்டையின் முதுகில் ஒவ்வொரு பெயராக ஒட்டி அடித்துக்கொண்டே வந்த ரசிகர்கூட உண்டு. மனத்தைக் கொடுத்துவிட்டு மறுமாதம் திரும்ப வாங்குவது சிரமம்.

படி 6: எண்ணிக் குடியுங்கள்

எதிரணி டச்டவுன் போடும்போதெல்லாம் ஒரு மடக்கு என்பது நண்பர்கள் சொல்லித்தரும் விளையாட்டு. பிரவுன்ஸுக்கு அது ஒத்துவராது. மூன்றாம் கால் பகுதிக்குள் நீங்கள் படுத்துவிடுவீர்கள். அமெரிக்கக் கணக்கில் 5 சதவீதமுள்ள 355 மில்லி பியர்தான் ஓர் அளவு; 6.5 சதவீத மெர்ட்சன் அதே பாட்டிலில் 1.3 அளவாகிவிடுகிறது. முதல் பாதிக்கு ஒன்று, இடைவேளைக்குப் பின் ஒன்று, கடைசிக் கால் பகுதிக்குத் தண்ணீர் என்பது என் கணக்கு. வண்டி ஓட்ட வேண்டிய நாளில் பியரே இல்லை.

படி 7: ஒரு பாட்டிலை எடுத்து வையுங்கள்

2018இல் ஒரு பியர் நிறுவனம் கிளீவ்லாந்தின் மதுக்கூடங்களில் பூட்டிய ஃபிரிட்ஜுகளை வைத்தது. அணி ஜெயிக்கும் நொடியில் அவை தாமாகத் திறந்து இலவசப் பியர் தரும் என்று ஏற்பாடு. பருவத்தின் முதல் ஆட்டம் 21–21 என்று சமனில் முடிந்தது. அடுத்ததில் தோல்வி. செப்டம்பர் 20 அன்று ஜெட்ஸ் அணியிடம் 14–0 என்று பின்தங்கியிருந்தபோது, காயம்பட்டவருக்குப் பதிலாகப் புதியவர் பேக்கர் மேஃபீல்டு இறங்கினார். ஆட்டம் 21–17 என முடிந்தது. 635 நாள்களுக்குப் பின் வந்த வெற்றியில் பூட்டுகள் திறந்தன.

அந்த முறையை வீட்டுக்குச் சுருக்கி, ஒவ்வொரு பருவத்திலும் ஒரு மெர்ட்சன் பாட்டிலை ஃபிரிட்ஜின் பின்வரிசையில், வெளிச்சம் படாமல், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் ஒதுக்குகிறேன். 2024இல் அணி வென்றது மூன்றே ஆட்டங்கள். முதல் இரண்டு வெற்றியின்போதும், இதைவிடப் பெரிதாக ஏதாவது வரும் என்ற நப்பாசையில் பாட்டிலைத் தொடவில்லை. நவம்பர் 21, வியாழக்கிழமை இரவு, ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஆடும்போது பனி கொட்டித் தரையில் கோடுகளே மறைந்துவிட்டன. 57 நொடிகள் மிச்சமிருந்தபோது நிக் சப் இரண்டு கெஜம் முட்டிப் புகுந்தார், 24–19. மறுநாள் காலை அலுவலகம் இருந்தது. ஊறுகாய் ஜாடியை நகர்த்திப் பாட்டிலை எடுத்தேன். ரஸ்க் மணம் கொஞ்சம் தணிந்திருந்தது, நுரை சரியாக இரண்டு விரல் நின்றது.