ஐஇஎல்டிஎஸ் லிசனிங், ரீடிங்: வீட்டிலிருந்தே பயிற்சி எடுப்பது எப்படி?

வெளிநாட்டில் கல்லூரியில் சேர ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வை எழுத வேண்டும் என்று முடிவானதும் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் காரியம், கண்ணில் படுகிற மாதிரித் தேர்வுகளை எல்லாம் டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டு தினம் ஒன்று என்று எழுதித் தள்ளுவது. எழுதுவார்கள், விடையைச் சரிபார்ப்பார்கள், 40-க்கு 22 என்று வரும், அடடா என்று அடுத்ததற்குப் போய்விடுவார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் அப்போதும் அதே 22, 23. தேர்வு எழுதினால் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும், அவ்வளவுதான். மதிப்பெண் ஏறுவது, தப்பாய்ப் போன ஒவ்வொரு விடையும் ஏன் தப்பாய்ப் போனது என்று தோண்டிப் பார்க்கும்போது. அந்தத் தோண்டும் வேலையை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பதிவு. ரைட்டிங், ஸ்பீக்கிங் பக்கம் இங்கே போகப் போவதில்லை.

படி 1: எதை எழுதப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கல்லூரிக்கு என்றால் பெரும்பாலும் அகாடமிக் பிரிவுதான் கேட்பார்கள், ஜெனரல் டிரெயினிங் அல்ல. பதிவு செய்யும் முன் கல்லூரியின் பக்கத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். லிசனிங்கில் நான்கு பகுதிகள், 40 கேள்விகள், ஆடியோ சுமார் 30 நிமிடம், ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். முதல் பகுதியில் இரண்டு பேர் அன்றாட விஷயம் பேசுவார்கள், இரண்டாவதில் ஒருவர் மட்டும் ஏதாவது ஓர் இடத்தைப் பற்றியோ வசதியைப் பற்றியோ விளக்குவார், மூன்றாவது மாணவர்களும் ஆசிரியரும் படிப்பைப் பற்றிப் பேசுவது, நான்காவது கல்லூரி விரிவுரை. ரீடிங்கில் மூன்று பெரிய பத்திகள் (பேசேஜ், ஒவ்வொன்றிலும் பல பாராக்கள் இருக்கும்), அங்கேயும் 40 கேள்விகள், 60 நிமிடம். தாளில் எழுதினால் லிசனிங் முடிந்ததும் விடைகளைப் பெயர்த்து எழுத 10 நிமிடம் கிடைக்கும், கணினியில் எழுதினால் சரிபார்க்க 2 நிமிடம்தான். ரீடிங்கில் அந்த மாதிரிக் கூடுதல் நேரம் எதிலுமே கிடையாது.

இரண்டிலும் 40-க்கு 30 எடுத்தால் ஏறக்குறைய 7 பேண்ட் (9 வரை போகிற ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் அளவு), 23 எடுத்தால் 6. தப்புக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்.

படி 2: ஒரே ஒரு முழுத் தேர்வு, அப்புறம் நிறுத்துங்கள்

ஐஇஎல்டிஎஸ் தளத்திலேயே இலவச மாதிரித் தாள்கள் இருக்கின்றன. ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்து, ஆடியோவை நடுவில் நிறுத்தாமல் எழுதுங்கள். வருகிற மதிப்பெண்ணைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். ஒரு நோட்டை எடுத்து, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். வார்த்தையே தெரியாது, வார்த்தை தெரியும் ஆனால் காதில் விழவில்லை, ஸ்பெல்லிங் போச்சு, முதலில் சொன்னதை எழுதி ஏமாந்தேன், நேரம் போதவில்லை என்று உள்ளது உள்ளபடி எழுதினால் போதும். "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது எதையும் சொல்லாத காரணம், அதை வைத்து நாளைக்கு ஒன்றும் செய்ய முடியாது.

லிசனிங்கில் இந்த நோட்டைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு விஷயம் தெரியவரும். ஸ்க்ரிப்டை, அதாவது ஆடியோவில் பேசியதன் எழுத்து வடிவத்தை, எடுத்துப் படித்தால் எல்லாமே தெரிந்த வார்த்தைகளாக இருக்கும், ஆனால் கேட்டபோது ஒன்றும் புரிந்திருக்காது. கண்ணுக்குத் தெரிந்த வார்த்தை காதுக்குத் தெரியவில்லை. நமக்கு இங்கிலீஷ் பெரும்பாலும் புத்தகம் வழியாக வந்தது, அதனால் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இதற்கான மருந்து அடுத்த படியில் இருக்கிறது.

படி 3: சின்ன ஆடியோ, கேட்டதை எழுதுதல்

முழுப் பதிவிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஸ்க்ரிப்ட் உள்ள ஓர் ஆடியோவைத் தேர்ந்தெடுங்கள். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் '6 மினிட் இங்கிலீஷ்' என்ற தொடர் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஆறு நிமிடம்தான், ஸ்க்ரிப்டும் கூடவே கிடைக்கும். பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் தளத்தில் ஏ1 (தொடக்க நிலை) முதல் சி1 (உயர் நிலை) வரை நிலைவாரியாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள்; பாதிக்கு மேல் புரிகிற நிலையிலிருந்து ஆரம்பியுங்கள். ஒன்றுமே புரியாததைப் போட்டு மணிக்கணக்காகக் கேட்டால் காது பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை, வெறும் சத்தமாகத்தான் போகும்.

முதல் தடவை எதையும் பார்க்காமல் முழுதாகக் கேளுங்கள், எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் போதும். இரண்டாவது தடவை, நடுவில் ஒரு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே நோட்டில் எழுதுங்கள். விழாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள். அதே வாக்கியத்தை மூன்று, நான்கு முறை ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு ஸ்க்ரிப்டை எடுத்து வேறு நிற மையால் திருத்துங்கள். கடைசியாக, திருத்தியதைப் பார்த்துக்கொண்டே ஒரு முறை கேட்டு, அந்த ஆள் பேசுகிற வேகத்திலேயே கூடச் சேர்ந்து சொல்லிப் பாருங்கள். வாயால் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டால் அடுத்த முறை அது காதில் சுலபமாக விழும்.

திருத்தும்போது என்ன கண்ணில் படும் என்று ஓர் உதாரணம். "ஐ ஷுட் ஹேவ் ஆஸ்க்ட் தெம் அபௌட் இட்" என்று ஸ்க்ரிப்டில் இருக்கும். நாம் ஏழு வார்த்தைகளை எதிர்பார்ப்போம். ஆடியோவில் வருவது "ஐ ஷுடவ் ஆஸ்டம் அபௌடிட்" மாதிரி ஒன்று. 'ஹேவ்' தேய்ந்து 'அவ்' ஆகி முந்தைய வார்த்தையோடு ஒட்டிக்கொண்டது, 'ஆஸ்க்ட்'-இல் இருக்கிற 'க்' காணாமல் போனது, 'அபௌட்' அடுத்த உயிரெழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் பொருள் தாங்குகிற வார்த்தைகளை அழுத்திச் சொல்லிவிட்டு 'ஆஃப், டு, ஃபார், ஹேவ், தெம்' போன்ற சின்ன வார்த்தைகளை விழுங்கிவிடுவது வழக்கம். வேகமாகப் பேசுகிறார்கள் என்று நாம் நினைப்பதில் பாதி இந்த விழுங்கல்தான். உங்கள் நோட்டில் எந்தெந்த இடங்களில் கோடு விழுந்திருக்கிறது என்று பாருங்கள். சில நாட்களிலேயே அதே நாலைந்து கூட்டுகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

வேகத்தைக் குறைத்துக் கேட்கலாமா என்று கேட்பீர்கள். குறைத்தால் அந்த ஒட்டல் எல்லாம் செயற்கையாக இழுபடும், அதனால் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு கேட்டால் அது ரீடிங் பயிற்சி ஆகிவிடும், காதுக்கு வேலை இருக்காது.

படி 4: லிசனிங் கேள்வித்தாளின் குணம்

காது ஓரளவு திறந்ததும் தேர்வின் தந்திரங்களுக்கு வரலாம். கேள்விகளின் வரிசையிலேயே விடைகளும் ஆடியோவில் வரும், அதனால் ஒன்று தவறிவிட்டால் அதையே நினைத்து உட்காராமல் அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும்; இல்லையென்றால் ஒன்று போன இடத்தில் மூன்று போகும். ஆடியோ தொடங்கும் முன் கேள்விகளைப் படிக்கக் கொடுக்கிற நேரத்தில், ஒவ்வொரு காலி இடத்திலும் என்ன வரும் என்று ஊகியுங்கள். பெயரா, எண்ணா, நாளா, பன்மையா?

முதல் பகுதியில் வழக்கமாக ஒரு வலை விரிப்பார்கள். பதிவு செய்கிறவர் "செவ்வாய்க்கிழமை வருகிறேன்" என்பார், உடனே "இல்லை இல்லை, அன்றைக்கு வகுப்பு இருக்கிறது, வியாழன் போடுங்கள்" என்பார். செவ்வாய் காதில் விழுந்த உடனே எழுதி, நிம்மதியாகப் பேனாவை வைத்துவிட்டவர்களின் மதிப்பெண் அங்கேயே போயிற்று. ஆகவே எழுதின பிறகும் அந்தப் பேச்சு முடிகிற வரை காதை எடுக்காதீர்கள்.

எண்களுக்கும் எழுத்துகளுக்கும் தனியாகப் பயிற்சி வேண்டும். 13-உம் 30-உம் குழம்பினால் அழுத்தத்தைக் கவனியுங்கள்: 'தர்ட்டீன்' கடைசியில் நீளும், 'தர்ட்டி' முதலிலேயே அழுத்தி முடிந்துவிடும். தொலைபேசி எண்ணில் பூஜ்யத்தை 'ஓ' என்பார்கள், 77-ஐ 'டபுள் செவன்' என்பார்கள். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது ஏ, ஈ, ஐ மூன்றும், ஜி, ஜே இரண்டும் நன்றாகவே குழப்பும். பிரிட்டிஷ்காரர் கடைசி எழுத்தை 'ஸெட்' என்பார், அமெரிக்கர் 'ஸீ' என்பார். ஒரு நண்பரை விட்டு பெயர்களையும் எண்களையும் வேகமாகப் படிக்கச் சொல்லி எழுதிப் பழகுங்கள். தினம் ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம் வார்த்தை வரம்பு. இரண்டு வார்த்தைக்கு மேல் கூடாது என்று இருந்தால் மூன்று எழுதிய விடை, பொருள் சரியாக இருந்தாலும் தப்பு. ஸ்பெல்லிங் தவறினாலும், பன்மைக்கான 's' விட்டுப்போனாலும் மதிப்பெண் கிடையாது.

படி 5: ரீடிங்

இங்கே பெரும்பாலானோரின் சிக்கல் நேரம். மூன்று பத்தியும் சேர்த்து 2,150 முதல் 2,750 வார்த்தைகள் வரை இருக்கும், அதை முழுக்க வரிக்கு வரி மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டு படித்தால் ஒரு மணி நேரம் நிச்சயம் போதாது. தமிழாக்கும் பழக்கத்தை விடுவதற்கு, உங்களுக்கு ரொம்பச் சுலபமான ஆங்கிலத்தை நிறையப் படிப்பதுதான் வழி. எளிய ஆங்கில விக்கிப்பீடியா என்று தனியாக ஒன்றே இருக்கிறது, அதில் பிடித்த தலைப்பை எடுத்து, அகராதி பார்க்காமல் ஓட்டமாகப் படியுங்கள். கண் ஒவ்வொரு வார்த்தையில் நிற்காமல், மூன்று நான்கு வார்த்தைகளாகச் சேர்த்து எடுக்கப் பழகும்.

தேர்வுப் பத்தியில் முதலில் தலைப்பையும் ஒவ்வொரு பாராவின் முதல் வரியையும் பார்த்து, எந்தப் பாரா எதைப் பற்றியது என்று ஓரத்தில் ஓரிரு வார்த்தை குறித்துக்கொள்ளுங்கள். பிறகுதான் கேள்வி. கேள்வியில் உள்ள வார்த்தைகள் பத்தியில் அப்படியே வருவது அபூர்வம், பொருள் அதேயாக வேறு சொற்களில் வரும். ஆனால் ஆள் பெயர், ஊர், ஆண்டு இவற்றை மாற்ற முடியாது, அதனால் தேடும்போது இவற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' (பத்தியின்படி சரி, தவறு, பத்தியில் சொல்லவில்லை) கேள்விகள் பத்தியின் வரிசையில் வரும். பாராவுக்குத் தலைப்பு பொருத்துவது அப்படி வராது.

முதல் பத்தி பெரும்பாலும் சுலபம், மூன்றாவது கடினம். பத்திக்கு 20 நிமிடம் என்று சமமாகப் பிரிப்பதை விட 15, 20, 25 என்று வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

படி 6: 'நாட் கிவன்' என்கிற தொல்லை

இதற்குத் தனியாக ஒரு படி வேண்டும், ஏனென்றால் நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களும் தடுமாறுவது இங்கேதான். பத்தியில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "1990-களில்தான் அந்த நகரத்துப் பள்ளிகள் முதல்முறையாகத் தோட்ட வேலையைப் பாடமாகச் சேர்த்தன, மாணவர்கள் அதை மிகவும் விரும்பியதாக ஆசிரியர்கள் கூறினர்."

"மாணவர்களுக்குத் தோட்ட வேலை பிடித்திருந்தது என்று ஆசிரியர்கள் சொன்னார்கள்" என்று கேள்வி வந்தால் ட்ரூ. "1980-களிலேயே அந்த நகரத்துப் பள்ளிகளில் தோட்ட வேலை பாடமாக இருந்தது" என்றால் ஃபால்ஸ், ஏனென்றால் 'முதல்முறையாக' என்ற வார்த்தை அதை நேராக மறுக்கிறது. "தோட்ட வேலையால் மாணவர்களின் உடல்நலம் மேம்பட்டது" என்று வந்தால்? தோட்டத்தில் வேலை செய்தால் உடம்புக்கு நல்லதுதானே என்று உங்கள் மனசு ட்ரூ போடச் சொல்லும். உடல்நலத்தைப் பற்றி பத்தியில் ஒரு வார்த்தை இல்லை, ஆகவே நாட் கிவன். "மற்ற எந்தப் பாடத்தையும் விட இதை அதிகம் விரும்பினர்" என்பதும் நாட் கிவன்தான், ஒப்பீடே அங்கே நடக்கவில்லை.

ஃபால்ஸ் போடுவதற்கு முன், பத்தியில் எந்த வார்த்தை இதை மறுக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியவில்லை என்றால் நாட் கிவன், அடுத்ததற்குப் போங்கள். பயிற்சியின்போது ஒவ்வொரு விடைக்கும் அந்த வார்த்தையை அடிக்கோடிடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் போதும், தேர்வில் தானாக வரும்.

படி 7: சொற்கள்

பெரிய பட்டியலை மனப்பாடம் செய்வது அலுப்பான வேலை, பலன் குறைவு. ஆனாலும் ஒரு பட்டியல் உருப்படியானது: அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட், 570 சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து வருகிற சொற்களின் கூட்டம்), எந்தத் துறைப் பாடநூலிலும் அடிக்கடி வருகிற பொதுவான கல்விச் சொற்கள். அதைத் தெரிந்தது, தெரியாதது என்று பிரிக்க மட்டும் பயன்படுத்துங்கள். தெரியாத சொல் நீங்கள் படிக்கிற பத்தியில் வரும்போது, அது இருந்த முழு வாக்கியத்தோடு நோட்டில் ஏற்றி, அகராதியின் ஸ்பீக்கர் குறியைத் தட்டி உச்சரிப்பையும் கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டால் அது மறுபடியும் கண்ணுக்கு மட்டும் தெரிந்த வார்த்தையாகவே இருக்கும்.

படி 8: வாரம் எப்படி ஓட வேண்டும்

ஐந்து நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம். பாதி நேரம் படி 3, பாதி நேரம் ஒரு ரீடிங் பத்தி. ஆறாவது நாள் ஒரு முழுத் தேர்வு, கடிகாரத்தோடு. ஏழாவது நாள் அந்தத் தேர்வின் தப்புகளை நோட்டில் ஏற்றும் வேலை. எழுதின நேரத்தை விட இதற்கு அதிக நேரம் ஆனால் நீங்கள் சரியாகத்தான் செய்கிறீர்கள். இரண்டு மாதம் இப்படிப் போனால் நோட்டில் சில காரணங்கள் தாமாகவே குறைவது தெரியும், குறையாமல் நிற்பது எதுவோ அதற்கு மட்டும் அடுத்த மாதத்தைக் கொடுங்கள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் புதிய தாள் எதையும் தொடாமல் நோட்டை மட்டும் புரட்டுங்கள். கணினியில் எழுதுகிறவர்கள் ஐஇஎல்டிஎஸ் தளத்தில் உள்ள கணினி மாதிரித் தேர்வில் ஒரு தடவை கை பழகிவிடுவது நல்லது. திரையில் வரியை ஹைலைட் செய்வதும் கேள்விக்குக் கேள்வி தாவுவதும் முதல் தடவை சற்றுத் தடுமாற வைக்கும், அந்தத் தடுமாற்றம் வீட்டிலேயே முடிந்துவிடட்டும்.