தைராய்டு ரிப்போர்ட்டைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள்

தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4 இரண்டையும் தாண்டி, பெரும்பாலான ரிப்போர்ட்களில் கடைசியாக இருக்கும் டி.எஸ்.எச். வரியை முதலில் பாருங்கள். இது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை வேலை வாங்க அனுப்புவது. தைராய்டு சோர்ந்தால் இது ஏறும், மிகையாகச் சுரந்தால் இறங்கும். டி.எஸ்.எச். 12 என்றால் தைராய்டு குறைவு. ‘அதிகமாகிவிட்டது’ என்று நினைத்து மாத்திரையை நிறுத்தினால் நிலைமை மோசமாகும்.

பெரியவர்களுக்குப் பொதுவாக 0.4 முதல் 4 வரை சரியான அளவு. லேபுக்கு லேப் சற்று மாறும் என்பதால், உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் வரம்போடு மட்டும் ஒப்பிடுங்கள்.

டி.எஸ்.எச். வரம்பு மீறியிருந்தால் அடுத்து ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4. டி.எஸ்.எச். கூடி, ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் தைராய்டு குறைபாடு உறுதி. ஃப்ரீ டி4 சரியாக இருந்து, டி.எஸ்.எச். 10-க்குள் இருந்தால் பெரும்பாலும் உடனே மாத்திரை தேவைப்படாது. இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள், கூடவே தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று காட்டும் ஆன்டி டி.பி.ஓ.வும். டி.எஸ்.எச். குறைந்து ஃப்ரீ டி4 கூடியிருந்தால் மிகைச் சுரப்பு. ஃப்ரீ டி4 குறைந்தும் டி.எஸ்.எச். ஏறாமல் இருந்தால் கோளாறு பிட்யூட்டரியில் இருக்கலாம், டி.எஸ்.எச். மட்டும் எடுத்தால் இது தப்பிவிடும். பேக்கேஜில் வரும் மொத்த டி4 கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரையாலும் தானாகவே கூடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுபவர்கள் கவனிக்க: பல லேப் இயந்திரங்களில் அது டி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் ஃப்ரீ டி4ஐக் கூட்டியும் காட்டிவிடும். உடம்பில் ஒன்றுமில்லாமலே மிகைச் சுரப்பு போன்ற ரிப்போர்ட் வரும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். டோஸ் அதிகமென்றால் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தைராய்டு குறைவுக்குத் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுத்த பிறகே அன்றைய மாத்திரையைப் போடுங்கள். வெறும் வயிறு கட்டாயமில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், காலையில் கொடுப்பது நல்லது. டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டெஸ்ட், அதற்குமுன் டி.எஸ்.எச். நிலைபெறாது. மாதக்கணக்கில் மாத்திரையை விட்டுவிட்டு டெஸ்டுக்கு முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டால், ஃப்ரீ டி4 சரியாகவும் டி.எஸ்.எச். உயரத்திலும் நிற்கும். விட்டதைச் சொல்லாவிட்டால் டாக்டர் டோஸைக் கூட்டிவிடுவார்.