சைக்காலஜி சேரும் முன் கல்லூரியை எடைபோடுவது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், "பி.எஸ்சி. சைக்காலஜிக்கு எந்த காலேஜ் நல்லது?" என்று எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி வர ஆரம்பித்துவிடும். நான் பெயர் சொல்வதில்லை, பார்க்கும் விதத்தைத்தான் சொல்வேன்.

படி 1: டிகிரி எதுவரை கொண்டுபோகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று வருட பி.எஸ்சி. முடித்த கையோடு யாரும் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தனிப் படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். "மூன்றே வருஷத்தில் கிளினிக் போடலாம்" என்று அட்மிஷன் மேசையில் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தபால் வழியில் படிக்கலாமே என்றால், 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் தொலைதூர, ஆன்லைன் வழிகளில் சைக்காலஜி நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது.

படி 2: சிலபஸைப் புரட்டுங்கள்

தன்னாட்சிக் கல்லூரி தன் சிலபஸைத் தானே வகுக்கும். மற்ற கல்லூரிகளில் பல்கலைக்கழகம் தருவதுதான். எதுவானாலும் புள்ளியியல், ஆய்வுமுறை, உயிரியல் உளவியல், பரிசோதனை உளவியல் நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணக்குக்குப் பயந்து சைக்காலஜி பக்கம் வருபவர்களுக்குப் புள்ளியியல் கசக்கும்தான். அது இல்லாத சிலபஸ் எம்.எஸ்சி.யில் இன்னும் கசக்கும்.

படி 3: லேபுக்குள் போங்கள்

என்னைக் கேட்டால் பாதித் தீர்ப்பு இங்கேதான். கண்ணாடி வரைதல் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு நட்சத்திரப் படம், எதிரே கண்ணாடி, கையை மறைக்க ஒரு தடுப்பு. கண்ணாடியை மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் கோட்டைப் பென்சிலால் தொடர வேண்டும். முனை வந்ததும் கை எதிர்ப்பக்கம் ஓடும், சிரிப்பு வந்துவிடும். திரும்பத் திரும்பச் செய்தால் நேரமும் தவறும் குறைந்துகொண்டே வரும். கற்றல் எப்படி நடக்கிறது என்பதை உங்கள் கையே காட்டிக்கொடுக்கும்.

அண்ணன் மகளோடு இரண்டு கல்லூரிக்குப் போனேன். ஒன்றில் பீரோ சாவி வைத்திருப்பவர் லீவாம். இன்னொன்றில் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரும்மா, நீயே செய்து பார்" என்றார். கருவி பழசுதான், ஆனால் பென்சில் புதிதாகச் சீவியிருந்தது.

படி 4: நடத்துபவர்கள் யார்?

துறையில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் சைக்காலஜியிலேயே முதுகலை முடித்தவர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், ஃபீஸ் கட்டப்போவது நீங்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் கிரேடு முழுக் கல்லூரிக்கும் சேர்த்துக் கொடுப்பது. அதை வைத்துத் துறையை எடைபோட முடியாது.

படி 5: மூன்றாம் வருட மாணவரைப் பிடியுங்கள்

கேன்டீன் வாசலில் நின்றால் கிடைப்பார்கள். இன்டர்ன்ஷிப் எங்கே போனார்கள், இடத்தைக் கல்லூரி பிடித்துக் கொடுத்ததா, இவர்களே அலைந்தார்களா என்று கேளுங்கள். அப்புறம் பிராக்டிகல் ரெக்கார்டைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவருடையதையும் வாங்கி அதே பரிசோதனையைத் திறந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே எண்கள் இருந்தால், அந்த லேப் பீரோ எத்தனை நாளாகத் திறக்கவில்லை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.